மாத்திரை, கோப்பி, ஈரல்: ஹார்மோன் பத்தி கேளுங்க

வணக்கம், நான் பினாங்குல பார்மசிஸ்ட். ஹார்மோன் மாறினா ஈரல் மருந்த கரைக்கிற விதம் எப்படி மாறுதுன்னு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். டோஸ் மட்டும் இங்க கேக்காதீங்க, அது உங்க டாக்டர் பாத்து சொல்றது.

பாயான் லெப்பாஸ்ல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, குடும்பக்கட்டுப்பாடு மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து, வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு ஒரு கோப்பி ஓ குடிச்சாலும் ராத்திரி தூக்கமே வரல. எனக்கு மட்டும் தானா?

இல்லம்மா, நெறைய பேருக்கு இருக்கு. காபீன கரைக்கிறது ஈரல்ல உள்ள சிஒய்பி1ஏ2ங்கிற என்சைம், மாத்திரையில உள்ள ஹார்மோன் அத அமுக்கிடும். சாதாரணமா காபீன் பாதியா குறைய சுமார் 5 மணி நேரம், மாத்திரை சாப்பிட்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அப்ப கணக்கு போடுங்க, அஞ்சு மணிக்கு குடிச்சதுல பாதி விடியக்காலை மூணு மணிக்கும் உடம்புல நிக்கும். கோப்பிய மத்தியானத்தோட நிறுத்துங்க, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.

பட்டர்வொர்த் தம்பி: என் வைப் எட்டு மாசம். அவங்களுக்கும் இப்படித்தானா?

இன்னும் மெதுவா. கடைசி மாசங்கள்ல காபீன் பாதியா குறைய 15 மணி நேரத்துக்கு மேலயும் போகும். ஆனா கர்ப்பத்துல எல்லாமே மெதுவாகும்னு நெனச்சிடாதீங்க, வேற மருந்துகள கரைக்கிற சிஒய்பி3ஏ4, சிஒய்பி2டி6ங்கிற என்சைம் ரெண்டும் வேகம் எடுக்கும், அதனால சில மருந்து பத்தாம போயி டாக்டர் கூட்டித் தருவாங்க.

ஜெலுத்தோங் அக்கா: மகளுக்கு வலிப்பு, லாமோட்ரிஜின் சாப்பிடுறா. கல்யாணம் ஆகி இப்ப குடும்பக்கட்டுப்பாடு மாத்திரையும் எடுக்கப் போறா. ஒன்னும் ஆகாதுல்ல?

அக்கா, இத கொஞ்சம் கவனமா படிங்க. லாமோட்ரிஜின கரைக்கிறது சிஒய்பி இல்ல, யூஜிடின்னு வேற ஒரு என்சைம் கூட்டம், மாத்திரையில உள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அத முடுக்கி விட்டுடும். ரத்தத்துல மருந்து பாதியா கூட இறங்கலாம், வலிப்பு திரும்பலாம். மாசாமாசம் குடும்பக்கட்டுப்பாடு மாத்திரைக்கு இடைவெளி விடுற அந்த ஏழு நாள்ல பாத்தா லாமோட்ரிஜின் அளவு மறுபடி ஏறும், தலைசுத்தும், கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும். பாதி நேரம் பிரச்சன எங்கன்னா, வலிப்புக்கு மருந்து எழுதுறவரு ஒருத்தர், குடும்பக்கட்டுப்பாட்டுக்கு எழுதுறது இன்னொரு கிளினிக், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியவே தெரியாது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க.

யுஎஸ்எம் மாணவர்: எலியில ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம்னு படிச்சேன். மனுசனுக்கும் அப்படியா?

நல்ல கேள்வி. ஹெக்ஸோபார்பிட்டல்னு ஒரு தூக்க மருந்து, ஒரே அளவு கொடுத்தா பெட்ட எலி ரொம்ப நேரம் தூங்கும், ஆண் எலி சீக்கிரம் எழுந்துக்கும். காரணம் மூளையடியில இருந்து வர்ற வளர்ச்சி ஹார்மோன். ஆணுக்கு விட்டு விட்டு வரும், பெட்டைக்கு ஏறக்குறைய தொடர்ந்து வரும், ஈரல் அந்த தாளத்த பாத்துத்தான் எந்த என்சைம செய்யணும்னு முடிவு பண்ணுது. சிஒய்பி2சி11 ஆணுக்கு, சிஒய்பி2சி12 பெட்டைக்கு. மனுசன்ல இவ்வளவு கிடையாது, பெண்களுக்கு சிஒய்பி3ஏ4 கொஞ்சம் கூட, சிஒய்பி1ஏ2 கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எலிக்கு நடந்தத நமக்கு ஒட்டி வாட்சப்ல அனுப்புறவங்கள என்ன சொல்ல. ஆணா பெண்ணாங்கிறத விட என்ன மாத்திரை, கர்ப்பமான்னு தான் நான் முதல்ல கேப்பேன்.

பிறை அக்கா: எனக்கு டிபி, அதுக்கு ரிபாம்பிசின் மருந்து ஓடுது. குடும்பக்கட்டுப்பாடு மாத்திரைய நம்பலாமா?

நம்பாதீங்க. இது தலைகீழ் கத, மருந்து தான் ஈரல கிளப்பி ஹார்மோன சீக்கிரம் கரைச்சிடுது. டிபி மருந்து முடிஞ்ச பிறகும் நாலு வாரம் அந்த வேகம் இருக்கும். காப்பர் லூப் மாதிரி ஹார்மோன் இல்லாத வழிய கிளினிக்ல கேளுங்க.

ஆயர் ஈத்தாம் அண்ணன்: அப்ப எங்கள மாதிரி ஆம்பளைங்களுக்கு கவல இல்ல?

சிகரெட் பிடிப்பீங்களா அண்ணே? புகை சிஒய்பி1ஏ2வ நல்லா ஏத்தி விடும். விட்ட ஒரு வாரத்துக்குள்ள அது இறங்கும், வழக்கமா குடிக்கிற அதே கோப்பி கைநடுங்க வைக்கும். ஆஸ்துமாவுக்கு தியோபிலின் எடுக்குறவரா இருந்தா, அதையும் கரைக்கிறது இதே என்சைம் தான், சிகரெட் விட்டத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.