பக்கத்து வீட்டில் சில வெள்ளி, எனக்கு மட்டும் 340 வெள்ளியா?

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். மறுவிற்பனையில் 580,000 வெள்ளிக்கு வாங்கியது. வீவக கடன் இன்னும் ஓடுகிறது. போன வருஷம் 210 வெள்ளியாக இருந்த வீட்டுக் காப்புறுதிச் சந்தா, இந்த வருஷப் புதுப்பிப்புக் கடிதத்தில் 340 வெள்ளி என்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நாலறைதான். "அஞ்சு வருஷத்துக்கே சில வெள்ளிதான் கட்டுறேன்" என்கிறார். முகவரைக் கேட்டால், வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் குறையும், ஆனால் புதுப் படிவத்தில் இரண்டு விஷயத்தை எழுத வேண்டாம், சொன்னால் சந்தா ஏறும் என்கிறார். ஒன்று, இரண்டு வருஷத்துக்கு முன் சலவை இயந்திரக் குழாய் வெடித்து 2,300 வெள்ளி இழப்பீடு வாங்கியது. இன்னொன்று, ஓர் அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருப்பது. தீபாவளி சமயத்தில் மனைவி முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுத்துச் செய்வதையும் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

பதில்: முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் கணக்கைப் பார்த்துவிடுவோம். அவர் சொல்வது வீவக தீக்காப்புறுதியாகத்தான் இருக்க வேண்டும். வீவக கடன் இருக்கும்வரை அது கட்டாயம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சில வெள்ளி கட்டினால் போதும். நீங்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள், ஒருமுறை தேடிப் பாருங்கள். அது ஏன் அவ்வளவு மலிவு என்றால், தீப்பிடித்தால் வீவக ஆரம்பத்தில் கட்டித் தந்த சுவர், தரை, கதவு, பொருத்துகள் ஆகியவற்றை அதே தரத்துக்குச் சரிசெய்யும் செலவை மட்டும்தான் அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் போட்ட டைல்ஸ், சமையலறை அலமாரி, சோபா, தொலைக்காட்சி, துணிமணி எதற்கும் அதில் ஒரு காசு வராது. அதையெல்லாம் பார்த்துக்கொள்வது உங்களுடைய 340 வெள்ளிக் காப்புறுதி. இரண்டும் வேறு வேறு. மாதாமாதம் வீட்டுக் கடன் கட்டுபவர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ கடனை அடைக்கும் மசேநி (மத்திய சேம நிதி) வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னொன்றை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

சரி, 340 வெள்ளி ஏன்? படிவத்தில் "கட்டடம்" என்ற இடத்தில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 580,000 என்று இருந்தால் சந்தா ஏறியதில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். வீட்டை வாங்கிய விலையில் ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதற்கும் குத்தகையில் மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தீர்கள். நெருப்பு அதையெல்லாம் எரிக்காது. காப்புறுதி நிறுவனம் தருவது பழையபடி ஆக்கும் செலவைத்தான். அதற்கு மேல் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் வராது. அதற்கான சந்தாவை மட்டும் வருஷா வருஷம் வாங்கிக்கொள்வார்கள். வீவக வீட்டில் நீங்கள் இங்கே கணக்குப் போட வேண்டியது புதுப்பிப்புப் பணிச் செலவை. தரை, கூரை அலங்காரம், அலமாரிகள், மின்கம்பி வேலை, குளிர்சாதனக் குழாய் என்று இன்று திரும்பச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று புதுப்பிப்புப் பணி செய்யும் குத்தகையாளரிடம் கேட்டு அந்தத் தொகையைப் போடுங்கள். சந்தாவைக் குறைக்கும் நேர்மையான வழி இதுதான்.

தரை வீட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் வீட்டையே அடியிலிருந்து திரும்பக் கட்டும் செலவுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதனால் அவர்கள் சந்தா பெரும்பாலும் கூடுதல்தான். கூட்டுரிமை வீடுகளில் கட்டடத்துக்கான காப்புறுதி 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. உள்ளே இருப்பது மட்டும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

குறைக்கிறேன் என்று உடைமைகளின் தொகையையும் பாதியாக வெட்டிவிடாதீர்கள். உங்கள் பொருள்கள் 80,000 வெள்ளி பெறும், 40,000க்குத்தான் எடுத்திருக்கிறீர்கள், 20,000 வெள்ளிக்குப் பொருள் எரிந்துபோனது என்று வையுங்கள். 20,000 வந்துவிடும் என்று நினைப்பீர்கள். ஒப்பந்தத்தில் சராசரி விதி இருந்தால் 10,000தான் வரும். பாதிக்குக் காப்புறுதி எடுத்தவர் மீதிப் பாதிக்குத் தானே பொறுப்பு என்பது அதன் கணக்கு. எல்லா நிறுவனங்களும் இந்த விதியை வைப்பதில்லை. மாறும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

நகை விஷயத்தில் நம் வீடுகளில் அடிபடுவது அதிகம். உடைமைகளுக்கு 60,000 வெள்ளி என்று எழுதியிருந்தாலும், நகைக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு, ஒரு நகைக்கு இவ்வளவுதான் என்று இன்னோர் உச்சவரம்பு இருக்கும். தாலிச் சங்கிலியும் இரண்டு ஜோடி வளையலும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். கூடுதலாகச் சேர்த்தால் சந்தா ஏறும், வாஸ்தவம்தான். ஆனால் எடை போட்ட ரசீது இல்லாமல் சேர்த்துப் பயனில்லை. சிராங்கூன் ரோட்டில் வாங்கிய ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த பழைய நகை என்றால் ஒரு நகைக்கடையில் மதிப்புப் போட்டு எழுதி வாங்குங்கள். திருட்டுக்கான இழப்பீடு பெரும்பாலும் பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ நுழைந்த தடயம் இருந்தால்தான் கிடைக்கும். வீட்டில் தங்கியிருப்பவர் எடுத்துப்போனால் கிடைப்பது சந்தேகம். அறை வாடகைக்கு விட்டிருக்கும் உங்களுக்கு இது முக்கியம்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். எழுதாமல் விடலாமா? வேண்டவே வேண்டாம்.

காப்புறுதிச் சட்டம் 1966 கேட்பதால்தான் ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது: உங்களுக்குத் தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய விவரங்களை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்று. வெறும் சடங்குக்காகப் போட்ட வரி இல்லை அது. பிரிட்டனில் 2012இல் சாதாரண மக்களுக்காக இதுபோன்ற விதியைத் தளர்த்தினார்கள். சிங்கப்பூரில் இன்னும் பழைய விதிதான். முக்கியமான ஒரு தகவலை மறைத்திருந்தால், நிறுவனம் ஒப்பந்தத்தையே தொடக்கத்திலிருந்து செல்லாததாக்கலாம். மறைத்த தகவலுக்கும் நடந்த விபத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் மறைத்தது குழாய் வெடித்த கதை, எரிந்தது சாமி மாடம் என்றாலும் கையை விரிக்கலாம். கட்டிய சந்தா திரும்ப வரும், அவ்வளவுதான். ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்டிவிட்டால் அதுவும் சந்தேகம். தீ மேல்வீட்டுக்கும் பரவியிருந்தால், அவர்கள் கேட்கும் நஷ்டஈட்டுக்கும் நீங்கள் தனியாக நிற்க வேண்டும்.

தகவல் முக்கியமானது என்று நிறுவனம் காட்ட வேண்டும். அது தெரிந்திருந்தால் இதே நிபந்தனையில் தந்திருக்க மாட்டோம் என்றும் காட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் அது சுலபம். "சொன்னால் சந்தா ஏறும்" என்று முகவரே சொல்கிறார் அல்லவா, நிறுவனத்தின் வக்கீலும் அதையேதான் சொல்வார். "முகவர்தான் எழுத வேண்டாம் என்றார்" என்பதை நம்பி இருக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது, பதிலும் உங்களுடையதுதான். அவர் சொன்னது வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். அது அவர்மீது புகார் கொடுக்க உதவும், உங்கள் இழப்பீட்டைக் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். பழைய நிறுவனத்திலேயே இருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு புதுப்பிப்பும் சட்டத்தின் கண்ணில் புது ஒப்பந்தம்.

அறை விஷயத்தில் ஒரு படி முன்னால் போக வேண்டும். வீவக அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? வாடகைக் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? இல்லையென்றால் காப்புறுதியைவிடப் பெரிய தொல்லை காத்திருக்கிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். அனுமதி இருந்தால் தைரியமாக எழுதுங்கள். வாடகைக்காரரின் பொருள்களுக்கு உங்கள் காப்புறுதி பொறுப்பேற்காது என்பதை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

மனைவியின் முறுக்கு வேலை சட்டப்படி தவறே இல்லை. குடும்பத்தார் மட்டும் சேர்ந்து சிறு அளவில் வீட்டில் பலகாரம் செய்து விற்க வீவக தனி அனுமதி கேட்பதில்லை. ஆனால் வீவக ஏற்றுக்கொண்டதும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்ததும் ஒன்றல்ல. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மணிக்கணக்கில் எண்ணெய் கொதிக்கும் அடுப்பு, தீ ஆபத்தைக் கணக்குப் பார்க்கும் ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். ஒரே வரியில் எழுதிவிடுங்கள். இதற்கென்று சந்தா கொஞ்சம் ஏறினாலும் கட்டுங்கள் என்பேன். உங்களுக்கு மிக அதிகம் பயன்படக்கூடிய வெள்ளி அதுதான்.

அப்புறம், மிச்சம் பிடிக்க இன்னும் சில இடங்கள் உண்டு. ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதல் இத்தனை வெள்ளியை உங்கள் கையிலிருந்தே போடுவதாக நீங்கள் ஒப்புக்கொண்டால் சந்தா இறங்கும். வெளிநாட்டில் தொலையும் பொருள்களுக்கும் சேர்த்த காப்புறுதி, மாற்றுத் தங்குமிடச் செலவு போன்ற சேர்க்கைகளில் தேவையில்லாததை எடுத்துவிடலாம். மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியை மட்டும் நீக்கிவிட வேண்டாம். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகும்? காட்டும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துதான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: இப்போதைய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, குழாய் இழப்பீடு, அறை வாடகை, பலகார வேலை மூன்றையும் சொல்லி, கட்டடத் தொகையை வீட்டுப் புதுப்பிப்புப் பணிச் செலவாகத் திருத்தி, புது விலை கேளுங்கள். அதே மின்னஞ்சலை வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். பதில்களைப் பத்திரமாக வையுங்கள். புதியது எழுத்தில் உறுதியாகும் வரை பழையதை விடாதீர்கள், இடையில் ஒரு நாள் விட்டாலும் அந்த நாளில் நடப்பது உங்கள் தலையில்தான். பின்னால் எப்போதாவது இழப்பீட்டை மறுத்தால், நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைப் பிணக்குத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். அங்கே தீர்ப்பாளர் சொல்வது நிறுவனத்தைக் கட்டும். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் நீங்கள் நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே இருக்கும்.