விசா வகையைப் பார்த்தீர்களா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கடல், பாதி வெளிநாட்டு வேலை. அறுவடைக் காசு ஊருக்குள் புழங்கும் நேரத்தில் ஏஜென்ட்டுகளும் புழங்குவார்கள் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததா என்ன? எப்போதும் சொல்வதுதான்: யார் கேட்டாலும் நகல் கொடுங்கள், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போக ஆதார் போதுமா? – வாசகி, நாகூர்

போதாது. 60 கடல் மைல்தான், நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனாலும் அது வேறு நாடு. பாஸ்போர்ட் வேண்டும், இலங்கை விசா வேண்டும். துறைமுகத்திலேயே குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடல் சரியில்லை என்றால் கப்பல் ஓடாது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோடியக்கரைக்குத் தென்கிழக்கே வலை விடுகிறோம். எல்லை எங்கே என்று கடலில் எப்படித் தெரியும்? கச்சத்தீவை மீட்டால் சிக்கல் தீருமா? – படகு உரிமையாளர், ஆறுகாட்டுத்துறை

கச்சத்தீவு உங்களுக்கு 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கேள்வியை ராமேஸ்வரத்துக்காரர் கேட்கட்டும். உங்கள் கோடு வேறு. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையே 30 கடல் மைல் தேறும். அதன் குறுக்கே 1974 ஒப்பந்தத்தில் போட்ட கோடு, உங்கள் கரையிலிருந்து சுமார் 15 கடல் மைலிலேயே வந்துவிடும். வங்காள விரிகுடாப் பக்கம் அதை நீட்டியது 1976 ஒப்பந்தம். ஜிபிஎஸ்ஸில் கோட்டை ஏற்றி, 3 மைல் முன்னாலேயே அலாரம் அடிக்கும்படி வையுங்கள். வலையை விட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரத்தில்தான் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், படகை இழுத்துக்கொண்டு போகும். இலங்கையின் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நீவாடு மேல் பழி போடலாம்; ஆள் திரும்பினாலும் படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. இன்ஜின் நின்றுவிட்டால் உடனே 1554, கடலோரக் காவல் படை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரவில் அதிவேகப் படகில் வந்து அடித்து, ஜிபிஎஸ், வலை, செல்போன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போனார்கள். புகார் கொடுத்து என்ன பயன்? – புஷ்பவனம்

பயன் உண்டா என்பதைப் புகார் கொடுத்த பிறகு கேளுங்கள். கடலில் இருக்கும்போதே 1093-க்குச் சொல்லுங்கள், அது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண். கரையேறிய அன்றே அவர்களுடைய காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். சம்பவம் நடந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை முக்கியம். ஜிபிஎஸ்ஸே பறிபோன பிறகு எங்கே போவது என்பீர்கள். கரைக்கு வாக்கிடாக்கியில் பேசும்போதெல்லாம் இடத்தைச் சொல்லி, அதை ஒருவர் எழுதி வைக்கட்டும். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டு வேண்டும். மூன்று நாள் கழித்து, பஞ்சாயத்தெல்லாம் பேசி முடித்துவிட்டு வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மகனுக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாயாம். டூரிஸ்டாக அனுப்பி அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். 3 மா நிலத்தை ஒத்திக்கு வைத்து 2 லட்சம் கட்டலாமா? – ஒரு தாய், மன்னார்குடி அருகே

கட்டாதீர்கள் அம்மா. இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஊர் மாறுகிறது, தொகை மாறுகிறது, "அங்கே போனதும் மாத்திக்கலாம்" என்ற அந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை.

சமீபத்தில் ஒரு பையன் விசா தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தான். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்ததில் கவர் மூலையில் குங்குமம். பெயர் சரியா, பாஸ்போர்ட் எண் சரியா என்று வீட்டில் நாலு பேர் பார்த்தார்களாம். அதற்கு இரண்டு வரி கீழே, விசா வகை என்ற இடத்தில் 'டூரிஸ்ட்' என்று அச்சடித்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அஞ்சு பவுன் அதற்குள் அடகுக்கடைக்குப் போயிருந்தது.

உங்கள் மகனுக்குச் சொல்லியிருப்பது அதைவிட மோசம். பாங்காக்கில் இறக்கி, காரில் ஏழெட்டு மணி நேரம் வடமேற்கே ஓட்டி, மே சொட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மோய் ஆறு. நம் ஊர் ஆறு அளவுதான் இருக்கும். அக்கரையில் மியான்மரின் மியாவதி. இரவோடு இரவாக ஆற்றைக் கடத்திவிட்டால், அந்த நாட்டுக் கணக்கில் உங்கள் மகன் கள்ளத்தனமாக நுழைந்தவன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைப்பார்கள். மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் மட்டும் இப்படிச் சிக்கிய 549 பேரை விமானப்படை விமானத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். கம்போடியா, லாவோஸ் கதையும் இதுதான்.

முறையான வழி இருக்கிறது. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். வேலைக்குப் போகிறவரிடம் ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது உண்டு. 2 லட்சம் கேட்கிறவர் அந்தத் தொகையிலேயே தன்னை யார் என்று சொல்லிவிட்டார். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். தர மறுத்தால் நேராகக் காவல் நிலையம்.

சார், என் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கிறதாம். ஃபாரின் போகலாமா? அவசரம். – பெயர், ஊர் இல்லை

ஃபாரின் என்று ஒரு நாடு இல்லை. ஈசிஆர் என்றால் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று பொருள். வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சுற்றிப் பார்க்கப் போவதற்கு எங்கேயும் தேவையில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டே வாங்கலாம். அடுத்த முறை எந்த நாடு, என்ன வேலை என்று எழுதுங்கள்.

கணவர் இலங்கை அகதி, பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர். நான் இந்தியக் குடிமகள். 2001-இல் பிறந்த மகன், 2006-இல் பிறந்த மகள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்குமா? – திருச்சி

மகனுக்குத் தடையில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை இங்கே பிறந்தவருக்கு, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே பிறப்பால் குடியுரிமை. அந்தத் தேதிக்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது: ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாக நுழைந்தவராக இருக்கக்கூடாது. மகளுக்கு அங்கேதான் முட்டும். ஒரே வீட்டில் அண்ணன் குடிமகன், தங்கை இல்லை என்கிற நிலை எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைத் தொடவே இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாமல் நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கொடுத்தார்கள். அது தண்டனைக்கு விலக்கு, குடியுரிமை அல்ல. மகள் விஷயத்தில் உயர் நீதிமன்ற வழக்கறிஞரைப் பாருங்கள், இருவரின் பிறப்புச் சான்றிதழ்களோடு.

வேளாங்கண்ணியில் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறோம். இலங்கையிலிருந்து வருபவர் சொந்தக்காரர் என்றாலும் தெரிவிக்க வேண்டுமா?

வேண்டும். வந்த 24 மணி நேரத்துக்குள், ஆன்லைனில், சி படிவம் என்று நாம் சொல்லிப் பழகியதை நிரப்ப வேண்டும். அவர் தமிழ் பேசுகிறார், மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வந்தார் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

மஞ்சள் மூட்டை ஏற்ற ஒரு இரவுக்கு ஃபைபர் படகு கேட்கிறார்கள். மஞ்சள் தடை செய்த பொருள் இல்லையே? – கோடியக்கரை

இல்லைதான். அது பகலில், துறைமுகத்தில், சுங்கச் சீட்டோடு போகும் மஞ்சளுக்கு. இருட்டில் கரையிலிருந்து ஏற்றினால் மஞ்சளும் கடத்தல்தான், பீடி இலையும் கடத்தல்தான். 1962 சுங்கச் சட்டத்தில் சரக்கோடு படகும் பறிமுதல் ஆகும். மூட்டைக்காரர் யார் என்றே தெரியாது, படகு உங்கள் பேரில் இருக்கிறது. மூட்டையில் கடல் அட்டை இருந்தால் வனத்துறை வழக்கும் சேரும்.

மச்சான் துபாயிலிருந்து சாட்டிலைட் போன் கொண்டுவந்தார். கடலுக்கு எடுத்துப்போகலாமா? – அக்கரைப்பேட்டை

கூடாது. உரிமம் இல்லாமல் கரையில் வைத்திருப்பதும் கூடாது. வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள், மச்சானும் கூட வரட்டும்.