டிரெஸ்ஸர் பதில்கள்: பீர் ஆலையும் கள்ளுக்கடையும்

(கெடா, பீடோங் வட்டாரத் தோட்ட மருத்துவமனைகளில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, டைகர் பீர் ஆலை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்கிறார்கள். யார் கட்டியது? சிங்கப்பூரிலா, மலாயாவிலா? (வாசகர், கூலாய்)

சிங்கப்பூரில்தான் தம்பி. தீபாவளிக்கு நம் வீடுகளில் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கிறோமே ஆரஞ்சுப் பானம், அந்த எஃப் அண்ட் என் கம்பெனி 1883-இல் சிங்கப்பூரில் சோடாத் தண்ணீர் போடத் தொடங்கியது. ஃபிரேசர், நீவ் என்ற இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர் அது. இவர்களும் ஹாலந்து நாட்டு ஹைனக்கனும் 1931-இல் கூட்டுச் சேர்ந்து ‘மலாயன் புருவரீஸ்’ என்று ஆரம்பித்தார்கள். அலெக்சாண்டிரா ரோட்டில் ஆலை எழும்பி, 1932 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. டைகர் அங்கே பிறந்தது.

வெள்ளைக்காரன் வந்து நூறு வருடம் கழித்துத்தான் ஆலை வந்தது. அதுவரை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பீரைத்தான் குடித்தார்கள். இதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். டைகர் போன்ற லாகர் வகை பீர் பத்து டிகிரி குளிரில் மெதுவாகப் புளிக்க வேண்டும். அப்புறம் உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். பெரிய குளிர்சாதன இயந்திரம் இல்லாமல் இங்கே அது நடக்காது. பீருக்கு வேண்டிய பார்லியும், கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவும் இங்கே விளைவதில்லை. அவையும் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

கேள்வி: ஆங்கர் பீர் ஜெர்மன்காரனுடையது என்று என் மாமா சாதிக்கிறார். அப்படியா? (வாசகர், சுங்கை சிப்புட்)

மாமா சொல்வது சரி. ஜெர்மனியின் பெக்ஸ் பீர்க்காரர்களின் தொடர்பில் ‘ஆர்க்கிபெலாகோ புருவரி கம்பெனி’ வந்தது. அதே அலெக்சாண்டிரா ரோட்டில் 1933-இல் ஆலை திறந்து ஆங்கர் பீர் போட்டார்கள். ஏபிசி ஸ்டவுட் என்ற கறுப்பு பீரின் பெயரும் அந்தக் கம்பெனியின் முதல் எழுத்துகள்தான். யுத்தம் வந்ததும் ஜெர்மன்காரன் எதிரி ஆகிவிட்டான். எதிரி நாட்டுச் சொத்து என்று அரசாங்கம் பறிமுதல் செய்ய, 1941-இல் மலாயன் புருவரீஸ் அதை வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் அவன் கைக்குப் போயின. யுத்தம் முடிந்த பிறகு டைகரும் ஆங்கரும் ஒரே கம்பெனியின் சரக்காகவே மலாயா முழுக்க விற்றன. ஆங்கர் ஆலை இருந்த இடத்தில் இன்று ஆங்கர்பாயிண்ட் என்ற கடைத்தொகுதி நிற்கிறது. டைகர் ஆலை 1990-இல் சிங்கப்பூரின் மேற்கே உள்ள துவாஸுக்குப் போய்விட்டது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. அந்தக் காலத்தில் நம் தோட்டத்து மக்கள் ஏன் பீர் குடிக்காமல் கள்ளே குடித்தார்கள்? கள்ளு அவ்வளவு கெட்டதா? (வாசகி, கூலிம்)

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

நல்ல கள்ளிலும் சாராயச் சத்து நாலைந்து சதவீதம், பீரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பீர் துரைமார் கிளப்பில் ஐஸ் போட்டு வந்தது. கள்ளு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் தகரக் குவளையில் வந்தது. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறவருடைய அன்றாடச் சம்பளத்துக்குப் பீர் எட்டாது. போதாததற்கு, கள்ளைப் பீர் மாதிரி போத்தலில் அடைத்துக் கப்பலேற்ற முடியாது. பாளையைச் சீவிக் கலயம் கட்டிய சில மணி நேரத்திலேயே அது தானாகப் புளிக்க ஆரம்பிக்கும். மறுநாள் காடி. ஆகவே தென்னையும், கள் இறக்குகிறவரும், கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்தது, தோட்ட நிர்வாகம் கடையை நடத்தியது.

கடையின் லாபம் ஒரு நிதியில் சேரும். அதிலிருந்து தொழிலாளர்களின் விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் பணம் கொடுப்பார்கள். இதைத் துரைமாரின் தயவு என்று புகழ்ந்த பெரியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சம்பளத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு அதில் கொஞ்சத்தை மாரியம்மன் திருவிழாவுக்குத் திருப்பிக் கொடுப்பது தயவு ஆகாது.

நம் ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதே அம்மா. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச்.நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். சம்பள உயர்வு கேட்டார்கள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள், கூடவே கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்து சுட்டது. நாதனை நாடு கடத்தினார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பீடோங்கின் முறை. ஹார்வார்ட் தோட்டத்து லாரி டிரைவர் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்துப் பழகினார்கள். குடிக்காதே என்று லயம் லயமாகச் சொன்னார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். என் சித்தப்பாவும் அதில் இருந்தவர். 1947-இல் மறியல் போலீசோடு மோதலாக முடிந்தது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. பீர் ஆலையின் வரலாற்றைப் பெருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த லாரி டிரைவரின் வரலாற்றையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நீ கல்லூரியில் கட்டுரை எழுதுவதாக இருந்தால் இவரைப் பற்றி எழுது.

கள்ளு கெட்டதா என்று கேட்டாய். அளவு மீறினால் குடும்பத்தை அழிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் வேலையில் இருந்தபோது அதைவிடக் கொடியதாக வந்தது சம்சு என்ற வடிசாராயம். சின்னப் போத்தல், மலிவு விலை, கள்ளைவிடப் பல மடங்கு கடுமை. கள்ளச் சம்சுவில் மெத்தனால் கலந்திருந்தால் அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். சம்பள நாளுக்கு மறுநாள் காலையில், “டிரெஸ்ஸரய்யா, எல்லாம் புகை மூட்டமா தெரியுது” என்று ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தது, பார்வை திரும்பவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. ரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்று சம்பந்தியம்மா ஸ்டவுட் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, சுங்கை பட்டாணி)

கொடுக்காதீர்கள் அம்மா. கோப்பிக் கடைகளில் ஸ்டவுட்டைக் ‘கறுப்பு நாய்’ என்று கேட்டு வாங்கிய காலத்திலிருந்தே இந்த நம்பிக்கை உண்டு. சீனர் வீடுகளிலும் உண்டு, நம் லயங்களிலும் உண்டு. ஸ்டவுட்டின் கறுப்பு நிறம் வறுத்த பார்லியால் வருவது. ரத்தம் ஊறுகிற அளவுக்கு அதில் இரும்புச் சத்து கிடையாது. சாராயச் சத்து தாய்ப்பாலிலும் இறங்கும், பால் வடிவதையும் தடுக்கும். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். ஆனால் தேத்தண்ணியோடு வேண்டாம், சத்து உடம்பில் சேராது. முருங்கைக் கீரை, ஈரல் கொடுங்கள். சம்பந்தியம்மாவிடம் சண்டை வேண்டாம், டிரெஸ்ஸர் வேண்டாம் என்றார் என்று என் பேரில் சொல்லிவிடுங்கள். மகளுக்குத் தலைசுற்றலோ மூச்சுவாங்கலோ இருந்தால் உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதித்துப் பாருங்கள்.