சின்னக் கைகளும் நத்தார் கீதங்களும்: இசை வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் வைத்துப் பியானோ கற்பித்து வருகிறேன். எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடைப்பட்ட என் மாணவர்கள் பாடசாலை ஒளிவிழாவில் நத்தார் கீதங்களை வாசிக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புகின்றனர். ஆலயத்துப் பாமாலைப் புத்தகத்தில் உள்ள நான்கு குரல் நொட்ஸைக் கொடுத்தால் பிள்ளைகளின் கை எட்டுவதில்லை. இலகுவானது என்று கிடைக்கும் பிரதிகளோ ஒற்றை விரலால் தட்டும் அளவுக்கு மெலிந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வழி உண்டா?
ஒரு வாசகி, கல்லடி

பதில்: பாமாலைப் புத்தகத்தில் இருப்பது நான்கு பேர் ஆளுக்கொரு வரியாகப் பாடுவதற்கு எழுதிய இசை. அதில் டெனர், பேஸ் ஆகிய இரண்டு ஆண்குரல்களும் பல இடங்களில் ஒரு ஒக்டேவுக்கும் (எட்டுச் சுர இடைவெளிக்கும்) மேலாக விலகி நிற்கும். பாடுகிறவர்களுக்கு அதனால் எந்தச் சிரமமும் இல்லை, ஆனால் ஆறு சுர இடைவெளியைத் தொடுவதற்கே கையை முழுவதும் விரிக்க வேண்டிய ஒன்பது வயதுப் பிள்ளை அங்கே தடுமாறத்தான் செய்யும். ஆகவே இசைக்கோர்ப்பைத் தொடங்கும்போது நான் முதலில் டெனர் வரியை முழுவதுமாக நீக்கிவிட்டு, மெட்டையும் பேஸையும் மட்டும் எழுதி வாசித்துப் பார்ப்பேன். பெரும்பாலான கீதங்கள் இந்த இரண்டு வரிகளிலேயே தாமாக நிற்கும். எந்த இடம் வெறுமையாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் மட்டும் இன்னொரு சுரத்தைச் சேர்த்தால் போதும்.

'சைலன்ட் நைட்' கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் மோர் எழுதிய வரிகளுக்கு பிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைக்க, 1818ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில் ஒஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஊர் ஆலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டபோது துணைக்கு இருந்தது ஒரு கிற்றார். எனவே இடது கை கோர்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை, மொத்தமாக அழுத்தாமல், தந்திகளை மீட்டுவது போல ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வாசிப்பது அந்தப் பாட்டின் பிறப்போடு ஒத்துப்போகிறது. சி மேஜரில் பன்னிரண்டு பார்களுக்கும் (தாளக் கட்டங்களுக்கும்) மூன்றே கோர்டுகள் போதும். சி கோர்டுக்கு சி–ஈ–ஜி, எஃப் கோர்டுக்கு சி–எஃப்–ஏ, ஜி செவன்த் கோர்டுக்கு பி–எஃப்–ஜி என்று எழுதிக் கொடுங்கள். மூன்றும் ஆறு சுரங்களுக்குள் அடங்குவதால் கை இருந்த இடத்தை விட்டு அசையவே தேவையில்லை. ஜி செவன்த் வரும்போது சுண்டுவிரல் மட்டும் சி-யிலிருந்து பி-க்கு இறங்கி ஏறும்.

சபையும் சேர்ந்து பாடுவதாயின் வேறொரு சிக்கல் வரும். இந்த மெட்டு ஒரு ஒக்டேவையும் தாண்டி மேலும் நான்காம் சுரம் வரை ஏறுவது. ஒரு வருடம் நள்ளிரவு ஆராதனையில் மாணவி ஒருத்திக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் சி மேஜரையே வைத்துக்கொள்ள, உச்சத்தில் மேல் எஃப் வந்த இடத்தில் சபை முழுவதும் மௌனமாகிவிட்டது. என் மாணவியின் பியானோ மட்டும் தனியாக ஒலித்தது. அன்றிலிருந்து கீபோர்டின் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு படி இறக்கி, பி பிளாட்டில் ஒலிக்கவிடுகிறேன். பொத்தானை நம்புவது இசைஞானம் ஆகாது என்று மேலைத்தேய சங்கீத ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அந்த ஞானத்தை ஒளிவிழா மேடையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்றில்லை.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு 'ஜாய் டு த வேர்ல்ட்' மெட்டு கையில் கிடைத்த கனி. அதன் தொடக்கம் மேஜர் ஸ்கேல் மேலிருந்து கீழாக இறங்குவதுதான். முழு மெட்டும் ஒரே ஒக்டேவுக்குள் முடிந்துவிடுகிறது. எட்டுச் சுரங்களை ஒரு கையால் இறங்கினால் விரலைத் தாண்டி வைக்க வேண்டும், பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தாளத்தைத் தவறவிடுவார்கள். சி–பி–ஏ–ஜி நான்கையும் வலது கைக்கும், எஃப்–ஈ–டி–சி நான்கையும் இடது கைக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் விரல் தாண்டும் வேலையே இல்லை. கீழே கோர்ட் இல்லாத குறையை நீங்கள் பக்கத்தில் அமர்ந்து வாசித்துத் தீர்க்கலாம்.

நம்முடைய மாரி காலத்தையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர் ஈரத்தில் பழைய பியானோக்களின் சில கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும் என்பதால், ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும் அலங்காரங்களை எழுதாமல் விடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பாமாலைகளுக்குப் பிரச்சினையின்றி வாசிக்கிறேன். கீர்த்தனைகளுக்கு நான் போடும் கோர்ட்ஸ் பாட்டோடு ஒட்டவில்லை என்று மூத்தவர்கள் குறைப்படுகின்றனர். என்ன செய்யலாம்?
ஒரு வாசகர், கல்முனை

பதில்: மூத்தவர்களின் காது சரியாகவே சொல்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகள் இராகத்திலும் தாளத்திலும் பிறந்தவை. கோர்ட் ஒன்றைப் போடும்போது இராகத்தில் இல்லாத சுரம் உள்ளே நுழைந்துவிட்டால் பாடுகிறவர்களுக்கு உடனே உறுத்தும். மோகனத்தில் அமைந்த பாட்டு ஒன்றைச் சி-யில் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இராகத்தின் சுரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ. பழக்கத்தில் நீங்கள் போடும் எஃப் மேஜரில் மத்தியமமும் (எஃப்), ஜி மேஜரில் நிஷாதமும் (பி) இருக்கின்றன. இரண்டும் மோகனத்தில் இல்லாதவை. அந்த ஐந்து சுரங்களுக்குள் முழுமையாக அடங்கும் கோர்டுகள் சி மேஜரும் ஏ மைனரும் மட்டுமே. மற்ற இடங்களில் ஜி–டி, டி–ஏ என்று நடுச்சுரம் இல்லாத இரண்டு சுரங்களை மட்டும் பிடியுங்கள். தம்புராவைப் போல ஒலித்து, பாடுகிறவரின் கமகத்துக்கும் இடம் விடும். 'அமேசிங் கிரேஸ்' மெட்டும் இதே ஐந்து சுரங்களில் அமைந்தது என்பதால், இந்த முறையை முதலில் அதில் பழகிக்கொள்வது சுலபம். சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனைகளில் இந்தத் தொல்லை இல்லை, மேஜர் ஸ்கேலுக்குரிய கோர்டுகள் அப்படியே பொருந்தும்.

காணிக்கை நேரத்தில் தனியாக வாசிப்பதற்கு எட்டு எட்டு பார்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் ஆதார சுரத்தில் வந்து முடியுமாறு எழுதி வையுங்கள். காணிக்கைப் பை எப்போது பீடத்துக்குத் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது; எந்தப் பகுதியின் முடிவிலும் நிறுத்தக்கூடிய இசையாக இருந்தால் கையை நடுவில் வெட்டி எடுக்க வேண்டியிராது.

கேள்வி: நானே எழுதிய இசைக்கோர்ப்புகளைப் போட்டோப்பிரதி எடுத்து மாணவர்களுக்கு விற்கலாமா?
ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: மூல மெட்டு யாருடையது என்பதைப் பொறுத்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆக்கியோரின் ஆயுட்காலத்துக்கும் அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. ஒரு படைப்பை வேறு விதமாகக் கோர்த்து எழுதும் உரிமையும் அதில் அடங்கும். குரூபரின் மெட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 'வைட் கிறிஸ்மஸ்' எழுதிய ஏர்விங் பேர்லின் 1989இல்தான் காலமானார் என்பதால், அதைக் கோர்த்து விற்பதற்கு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பழைய மெட்டாக இருந்தாலும் இன்னொருவர் அண்மையில் எழுதிய கோர்ப்பிலிருந்து இடது கையைப் பெயர்த்தெடுக்காதீர்கள். அந்த இடது கை அவருடையது.