எஞ்சிய முகங்கள்

கேள்வி: நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் குடும்பப் புகைப்படங்களை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். வீடும் ஊரும் அழிந்தபோது இப்படங்கள் எவ்வாறு தப்பின? பெயர் தெரியாத படத்தால் பயன் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவற்றில் பல, அழிவு வருமுன்பே ஊரைவிட்டுப் போய்விட்டவை. இன்றைய லித்துவேனியாவில் உள்ள எய்ஷிஷோக் என்னும் சிற்றூரில், அமெரிக்காவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் குடிபெயர்ந்த உறவினர்களுக்கு யூதப் புத்தாண்டு வாழ்த்தாகத் தம் படங்களை அனுப்புவது வழக்கமாக இருந்தது. 1941 செப்டம்பர் இறுதியில் ஜெர்மானியக் கொலைப்படையினரும் லித்துவேனியத் துணைப்படையினரும் அங்கிருந்த யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். படைத்தலைவன் கார்ல் யேகர் எழுதிய அறிக்கையில் அது ஒரே ஒரு வரி: ஆண்கள் 989, பெண்கள் 1,636, குழந்தைகள் 821.

அவ்வூரில் பிறந்து, சிறுமியாக மறைந்திருந்து உயிர்பிழைத்த யாஃபா எலியாக் பின்னாளில் அமெரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியரானார். அவருடைய தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியும் அங்கே புகைப்பட நிலையம் நடத்தியவர்கள். பல நாடுகளில் சிதறியிருந்த எய்ஷிஷோக் குடும்பங்களைத் தேடிச் சென்று அவர் சுமார் 6,000 படங்களைத் திரட்டினார். அவற்றில் ஏறத்தாழ 1,000 படங்கள், 1993இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தில் மூன்று மாடி உயரக் கோபுரமாக எழுந்து நிற்கின்றன. அவற்றில் இருப்பவை திருமணங்கள், பள்ளி வகுப்புகள், மிதிவண்டியோடு நிற்கும் இளைஞர்கள். மரணத்தின் சாயல்கூட இல்லை. கொன்றவர்களின் கேமராவில் இம்மக்கள் பெயரற்ற கூட்டமாகவே பதிந்தார்கள் என்பதால், தாமே விரும்பித் தலைவாரி அமர்ந்து எடுத்துக்கொண்ட இப்படங்களைத்தான் நான் மேலான சாட்சியமாகக் கருதுகிறேன். ஆனால், வெளிநாட்டில் உறவினர் இல்லாத ஏழைகளுக்கும், குடும்பம் முழுவதையும் இழந்தவர்களுக்கும் இவ்வழியில் முகம் எஞ்ச வாய்ப்புக் குறைவு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதற்கு நேர்மாறானவை, நாஜிகள் போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கிடைத்தவை. நாடுகடத்தப்பட்டவர்கள் தம் பெட்டிகளில் வைத்துக் கொண்டுவந்த படங்களும் கடிதங்களும் பொதுவாக அங்கே எரிக்கப்பட்டன. அதையும் மீறிச் சுமார் 2,400 படங்கள் தப்பின. அவற்றில் பெரும்பகுதி போலந்தின் பென்ஜின், சோஸ்னோவியெட்ஸ் பகுதிக் குடும்பங்களுடையவை. புதிதாக வந்த கைதிகளின் ஆடையைக் களைந்து, முடியை மழித்துப் பதிவுசெய்த, ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்க்கெனவ் முகாமின் கட்டடத்திலேயே அவற்றை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

பெயர் தெரியாத படமும் வீணன்று. அட்டையில் உள்ள புகைப்பட நிலைய முத்திரை ஊரைக் காட்டக்கூடும். பின்பக்கக் கையெழுத்து யார் யாருக்கு அனுப்பினார் என்பதைச் சொல்லக்கூடும். ஊர் தெரிந்தால், அங்கிருந்து பிழைத்தவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் படத்தைக் காட்டி விசாரிக்கலாம். ஜெருசலேமின் யாத் வாஷெம் நினைவகம், கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் உறவினரோ அறிந்தவரோ நிரப்பித் தரும் சாட்சியப் படிவத்தில், படம் கிடைத்தால் பெயருடன் அதையும் சேர்த்துப் பாதுகாக்கிறது.