கழுத்து தொங்கும் பூனைக்குத் தம்பிலி கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது. தலையைத் தூக்க முடியாமல், நாடி நெஞ்சில் முட்ட நடக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.4, பொட்டாசியம் 2.6. சிறுநீரக நோய் என்று சேலைன் ஏற்றினார்கள். தம்பிலி இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, பருக்கிப் பார் என்கிறார் மாமி. சரியா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தம்பிலியில் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஆனால் பூனை குடிக்கும் நாலு மிடறு இந்தக் குறையை நிரப்பாது, எவ்வளவு போனது என்றும் தெரியாது. வேண்டாம். வைத்தியர் எடை பார்த்துப் பொட்டாசியம் குளுக்கோனேட் தருவார். பிறகு மறுபடி இரத்தம் பார்த்து அளவை மாற்றுவார். வீட்டில் வேறு பூனை இருந்தால் அதற்கும் ஊகத்தில் கொடுத்துவிடாதீர்கள். மூத்திரம் அடைபட்ட ஆண் பூனைக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும், மேலும் ஏறினால் இதயமே நின்றுவிடலாம்.

பூனையின் இரத்தத்தில் லீட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5.5 மில்லிமோல் பொட்டாசியம் இருக்க வேண்டும். 2.6 இல் தசைகள் சோர்ந்துவிடும், கழுத்து தொங்குவது அதனால்தான். ஏற்றிய சேலைனில் பொட்டாசியம் கலந்தார்களா என்று கேளுங்கள். கலக்காவிட்டால் இருப்பதும் சிறுநீரோடு போய் இன்னும் இறங்கும்.

சிறுநீரக நோயிலும் பொட்டாசியம் குறையும்தான். ஆனால் இவ்வளவு இறங்கினால் நான் சிறுநீரகத்துக்குப் பக்கத்திலுள்ள அட்ரீனல் சுரப்பியையும் சந்தேகிப்பேன். அங்கே கட்டி வந்தாலோ சுரப்பி தடித்தாலோ அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். அது சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். பிரஷரும் ஏறும். ஏறிய பிரஷர் சிறுநீரகத்தையும் கெடுப்பதால், ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் சிறுநீரக நோய் என்பதோடு நிறுத்திவிடலாம்.

ஆகவே முதலில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பூனைக்குப் பிரஷரா என்று சிரிக்க வேண்டாம். மேல் அளவு 160 ஐத் தாண்டியே நின்றால் விழித்திரை பிரிந்து திடீரென்று பார்வை போய்விடலாம். அதற்கு அம்லோடிபின் குளிசை இருக்கிறது. அப்புறம் வயிற்று ஸ்கேனும் அல்டொஸ்டெரோன் பரிசோதனையும். ஒரு பக்கம் மட்டும் கட்டி என்றால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசலாம். முடியாதென்றால் பொட்டாசியத்தோடு, அல்டொஸ்டெரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்து.

பச்சை மீன் போடுகிறீர்களா? சில மீன்களிலுள்ள நொதியம் தயமின் விற்றமினை அழித்துவிடும், அந்தக் குறையிலும் கழுத்து இப்படித்தான் மடியும். இனி அவித்தே கொடுங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

இதற்கிடையில் பூனை மூச்சுவிடச் சிரமப்பட்டால் காலை வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றிரவே கொண்டுபோங்கள்.