ஐப்பசி மழையும் ஸ்கீ பலகையும்

(பதில் சொல்பவர் ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரின் குல்மர்க்கில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, வைக்கும் ஸ்டோரைக் கவனித்துக்கொண்டவர். ஓய்வுக்குப் பிறகு குன்னூர்வாசி.)

கேள்வி: ஐயா, பிப்ரவரியில் குல்மர்க்கில் ஸ்கீ பயிற்சி முடித்தேன். அங்கேயே பழைய ஸ்கீ ஒரு ஜோடி வாங்கிக் கொண்டுவந்தேன். அடுத்த ஜனவரியில் உத்தராகண்டில் உள்ள ஔலி போவதாகத் திட்டம். அதுவரை இதை எப்படி வைத்திருப்பது? 'வாக்ஸ் போட்டு, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்' என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். வாக்ஸுக்குப் பதில் மெழுகுவர்த்தி போதுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: குளிர்ச்சியான இடத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை, அம்மா. உலர்ந்த இடத்துக்குத்தான் எங்கே போவது? வீடியோ போடுகிறவர்களுக்கு ஸ்கீயை மூட்டை கட்டும் மாதங்கள் கோடை. நமக்கு அதே மாதங்களுக்குள் இரண்டு பருவமழையும் வந்துவிடுகின்றன. தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்கு மழை கோத்தகிரியை அதிகம் படுத்தாது. ஐப்பசி, கார்த்திகைதான் உங்களுக்குச் சோதனை. அதாவது ஸ்கீயை மறுபடி கையில் எடுப்பதற்குச் சற்று முன்னால்.

பலகையின் ஓரத்தில் ஓடும் எட்ஜ் எஃகு. ஈரம் முதலில் பிடிப்பது அதைத்தான். முதலில் பலகையை வெறும் தண்ணீரில் துடைத்து, நிழலில் ஒரு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும் பைண்டிங் மீது பைப்பைத் திருப்பி வேகமாகத் தண்ணீர் அடிக்காதீர்கள். துரு போக்கும் ஸ்பிரேயையும் அதில் அடிக்க வேண்டாம். இரண்டுமே உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். சீசன் முடிந்ததும் பைண்டிங் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்கச் சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. என்னைக் கேட்டால் தொடாதீர்கள். ஸ்பிரிங் அப்படியே இருந்தால் கெட்டுப்போகாது. தளர்த்திவிட்டுத் திரும்ப முறுக்க மறந்தீர்களானால், சரிவில் பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ளும். ஆனால் பழைய ஜோடி என்கிறீர்களே, உங்கள் எடைக்கும் பூட்ஸ் அளவுக்கும் அதைச் சரிபார்க்கும் வேலையை ஔலி போனதும் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எட்ஜில் ஏற்கெனவே துரு இருந்தால் மரக்கட்டையில் சுற்றிய நைஸ் எமரித் தாளால் எடுங்கள். கறுப்பு அடிப்பரப்பில் தாள் படக் கூடாது. அது பாலித்தீன், கீறல் எளிதில் விழும்.

இனி வாக்ஸ். மெழுகுவர்த்தியில் கடினத்துக்காக ஸ்டியரிக் அமிலம் கலப்பார்கள். நிறமும் வாசனையும் வேறு. அதை விட்டுவிடுங்கள். ஸ்கீ வாக்ஸ் கிடைக்கவே இல்லையென்றால் சுத்தமான வெள்ளைப் பாரஃபின் கட்டி வாங்குங்கள், சேமித்து வைப்பதற்கு அது போதும். சரிவில் ஓட்டுவதற்கான வாக்ஸை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். இஸ்திரிப்பெட்டியில் ஆவித் துளை இல்லாத பழையது நல்லது. ஒருமுறை வாக்ஸுக்கு எடுத்தால் அதைத் திரும்பப் பட்டுப்புடவைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூடு 120 டிகிரி செல்சியஸ் சுற்றி இருக்கட்டும். வாக்ஸ் புகைந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. உள்ளே மரமும் ஃபைபர் கண்ணாடியும் பசையால் ஒட்டியிருக்கின்றன, சூடு அதிகமானால் பிரிந்துவிடும்.

முதல் கோட்டை இளஞ்சூட்டிலேயே பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுங்கள். அழுக்கு அதோடு கறுப்பாக வரும். இரண்டாவது கோட் தாராளமாக இருக்கட்டும். எட்ஜ் முழுவதும் வாக்ஸுக்குள் மறைய வேண்டும், துருவுக்கு அதுதான் காவல். பார்க்க அசிங்கமாக, வெள்ளை வெள்ளையாகத் திட்டு கட்டியிருக்கும். ஜனவரி வரை அதைச் சுரண்டாமல் விடுங்கள்.

எங்கே வைப்பது? சிமென்ட் தரையில் வேண்டாம், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் சாய்க்கவும் வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் பரண் இருந்தால் மதிய வெயிலில் கொதிக்கும். கணப்பு அடுப்புப் பக்கம் போகவே கூடாது. ஸ்கீ பையில் போட்டு ஜிப் போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த மாதிரிதான். இரண்டு பலகைக்கும் நடுவே துணி வைத்து, ஸ்ட்ராப்பை இறுக்காமல், வீட்டின் நடு அறையில் மர அலமாரியிலோ கட்டிலுக்கு அடியிலோ படுக்க வையுங்கள். இறுக்கிக் கட்டினால் பலகையின் வளைவு நாளடைவில் தளர்ந்துவிடும். செருப்பு பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்களே, இதற்கும் அது சரிதான். எல்இடி பல்பு போட்டு ஏமாறாதீர்கள். அதில் போதுமான சூடு வராது, கரண்ட் பில் மட்டும் வரும். ஆகஸ்டில் ஒருமுறை, கார்த்திகை தீபம் கழிந்து ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். வாக்ஸ் உதிர்ந்த இடத்தில் மட்டும் திரும்பத் தடவினால் போதும்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து திரும்பிய மாமா விட்டுப்போன ஸ்கீ பூட்ஸ் இருபது வருடமாகப் பரணில் இருக்கிறது. ஒரு கீறல் கூட இல்லை. குல்மர்க்குக்கு எடுத்துப் போகலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். அந்தக் காலத்து பூட்ஸ் ஓடுகளில் பல பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும். வெளியே பளபளவென்று இருப்பது, சரிவில் கால் அழுத்தும்போது பிஸ்கட் மாதிரி உடைந்து போகும். கொடைக்கானல் ஈரத்தில் இருபது வருடம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஷோகேஸில் வையுங்கள், அழகாக இருக்கும்.

புதிதாக வாங்கினால் சீசன் முடிந்ததும் உள்ளேயிருக்கும் லைனரை உருவி நிழலில் காயவையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு திரும்ப உள்ளே போட்டு, பக்கிளை லேசாக மாட்டிவிடுங்கள். மாட்டாமல் விட்டால் ஓடு கோணிக்கொள்ளும்.

கேள்வி: தலைகுந்தாவில் உறைபனி வெள்ளையாகப் படிகிறதே, அங்கேயே ஸ்கீ பழகினால் என்ன?
– பள்ளி மாணவர், ஊட்டி

பதில்: உறைபனி வேறு, வானத்திலிருந்து விழும் பனி வேறு, தம்பி. நீ பார்ப்பது புல்மேல் படிந்த மெல்லிய படிகம். வெயில் ஏறினால் போய்விடும். ஸ்கீ வைத்தால் அடியில் புல்லும் கல்லும்தான் தட்டுப்படும், அடிப்பரப்பு ஒரே காலையில் நாசம். குல்மர்க், ஔலி, மணாலிப் பக்கம் சோலாங், இந்த மூன்றில் ஒன்றுக்கு அப்பாவைக் கேட்டுப் பார். டிசம்பர் வரை நேரமிருக்கிறது.